நெய்வேலி என்று எழுத எத்தனை எண்கள்?

எங்கள் பெரியப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின், 2002-ம் வருடம், ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு தன் ஷிப்ட் கால அனுபவங்களையெல்லாம் தமிழில் தட்டச்சு செய்து வந்தார். அவர் இப்போது இல்லை. போன விடுமுறையில் டவுன்ஷிப் பக்கம் போனபோது பெரியம்மா ஒரு சி.டி.யைக் கையில் கொடுத்து, "உங்க பெரியப்பா எழுதினது. இதுல என்ன இருக்குன்னு பாருடா" என்றார்.

உள்ளே ஒன்பது கோப்புகள். என் மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ். முதல் கோப்பைத் திறந்தேன். தலைப்பு வரியில் ஏழே ஏழு குறிகள்: நடுவில் உடைந்த ஒரு செங்குத்துக் கோடு, தலைகீழ்க் கேள்விக்குறி, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில 'ஓ', சட்டப் புத்தகத்தில் பிரிவைக் காட்டும் குறி, தலையில் வட்டம் வைத்த 'ஏ', இரண்டு புள்ளி வைத்த 'ஏ', கடைசியில் அமெரிக்க சென்ட் காசின் குறி. கீழே முப்பது பக்கத்துக்கும் இதே கூத்துதான்.

அந்த ஏழு குறிகளும் சேர்ந்தால் 'நெய்வேலி'. இது எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது. ஏன் அது ஏழு, இன்று நான் அதே சொல்லைத் தட்டினால் ஏன் எட்டு, இன்னொரு கணக்கில் ஏன் நான்கு என்று தேடிக்கொண்டே போனதில் லினக்ஸின் அடிமட்ட வரைகலை நூலகங்களின் சரித்திரம் முழுவதையும் கிண்ட வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் பயப்படாமல் வரலாம்.

எங்கள் ஊர்ச் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பழுப்பு நிலக்கரி அடுக்குக்குக் கீழே மிகுந்த அழுத்தத்தில் ஊற்று நீர் நிற்கிறது. இரவும் பகலும் பம்பு போட்டு அதை இறைத்தால்தான் மேலே நிலக்கரி வெட்ட முடியும். பார்க்க வருகிறவர்கள் ராட்சத வாளிச் சக்கர எந்திரத்தைப் போட்டோ எடுப்பார்கள். பம்பை யாரும் எடுப்பதில்லை. திரையில் எழுத்தை வரையும் நூலகங்களும் அந்தப் பம்பு ஜாதிதான். நின்றால்தான் அவை இருப்பதே தெரியவரும்.

சரி, கதைக்கு வருவோம்.

லினக்ஸ் பிறந்த புதிதில் திரையில் படம் வரைய எஸ்விஜிஏலிப் என்று ஒரு நூலகம் இருந்தது. வீடியோ அட்டையின் நினைவகத்தில் நேராகக் கை வைத்து, இந்தப் புள்ளிக்கு இந்த நிறம் என்று எழுதிவிடும். அதற்கு நிரலுக்கு 'ரூட்' அதிகாரம் வேண்டும். கொஞ்சம் தவறினாலும் கணினியே உறைந்துவிடும். 1994-ல் டூம் விளையாட்டு லினக்ஸுக்கு வந்தபோது இதன் வழியாகவும் ஓடியது. எழுத்து என்றால் என்ன என்பது எஸ்விஜிஏலிப்புக்குத் தெரியாது என்றே சொல்லலாம். புள்ளிகளால் ஆன ஒரு குட்டிப் படம், அவ்வளவுதான்.

அதைவிட மூத்தது எக்ஸ் சாளர அமைப்பு. 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கினார்கள். அதன் 11-வது பதிப்பு 1987 செப்டம்பரில் வந்தது. பெயரில் இருக்கும் 11 அதற்குப் பிறகு மாறவே இல்லை. வீட்டுக் கணினிகளுக்கு 1992 முதல் எக்ஸ்ஃப்ரீ86 என்ற இலவச வடிவம் கிடைத்தது. லினக்ஸில் சாளரம் பார்த்தவர்கள் எல்லாரும் வெகுகாலம் அதன் வழியாகத்தான் பார்த்தார்கள்.

எக்ஸில் எழுத்து வரைவது ரொம்ப எளிது. நிரலானது எழுத்துருவின் பெயரையும் சில எண்களையும் அனுப்பும். எக்ஸ் அந்த எழுத்துருவைத் திறந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய படத்தை எடுத்து, இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போகும். ஒரு எண்ணுக்கு ஒரு படம். ஆங்கிலத்துக்கு இது போதும், ரஷ்ய மொழிக்கும் போதும். ஜப்பானியருக்கு ஆயிரக்கணக்கில் எழுத்து இருந்தாலும் எண்ணைப் பெரிதாக்கினால் வேலை முடிந்தது.

தமிழுக்கு முடியாது. 'நெ' என்று எழுதும்போது வாய் முதலில் சொல்வது 'ந்'. கை முதலில் போடுவது கொம்பு. 'வே'யும் அப்படியே. 'கொ' இன்னும் மோசம்: கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் க. ஆக எங்கள் ஊர்ப் பெயரிலேயே இரண்டு இடத்தில் சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் முட்டிக்கொள்கின்றன. இந்தச் சிக்கலை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். எழுத்தைச் சேமிக்கும் முறை சுமக்கலாம், அல்லது எழுத்தை வரையும் நூலகம் சுமக்கலாம். அடுத்த இருபது வருடச் சண்டையெல்லாம் இந்த ஒரு கேள்விதான் என்பது என் கருத்து.

1990-களின் தமிழர்கள் முதல் வழியை எடுத்தார்கள். வேறு வழியும் இல்லை, ஏனென்றால் நூலகம் அவர்கள் கையில் இல்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் இணையத்தில் கூடி விவாதித்து உருவாக்கிய திஸ்கி என்ற குறியாக்கம் இப்படித்தான் அமைந்தது. மொத்தம் 256 இடம். முதல் 128-ல் ஆங்கிலம் அப்படியே இருக்கும். மீதி 128-க்குள் தமிழைத் திணிக்க வேண்டும். 247 எழுத்தும் அடங்காது என்பதால் கொம்பு, கால், விசிறி எல்லாம் தனித்தனி. மெய்யெழுத்துகளுக்குத் தனி எண். கு, கூ போல உருவம் மாறுகிறவற்றுக்குத் தனி எண். சேமிக்கும் வரிசையே கண்ணுக்குத் தெரியும் வரிசை. ஒற்றைக்கொம்பு, ந, ய், இரட்டைக்கொம்பு, வ, ல, விசிறி. எண்ணிப் பாருங்கள், ஏழு! பெரியப்பாவின் ஏழு குறிகள் இவைதான். திஸ்கியில் 'ந' உட்கார்ந்திருக்கும் அதே எண்ணில்தான் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் தலைகீழ்க் கேள்விக்குறி இருக்கிறது. (இதே கணக்கில் 'தமிழ்' என்ற சொல் முக்கால் என்னும் பின்னக் குறியோடு தொடங்கும். அந்தக் காலத்தில் மின்னஞ்சல் பார்த்தவர்கள் நினைவுக்குக் கொண்டு வரலாம்.)

இதன் சாமர்த்தியம் என்ன என்றால், எக்ஸ் நூலகத்தில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை. எழுத்துருவை மட்டும் மாற்றினால், 1987-ல் தமிழைப் பற்றி யோசித்தே பார்க்காதவர்கள் எழுதிய நிரல் தமிழை ஒழுங்காக வரைந்துவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல திஸ்கியில்தான் உலகம் சுற்றின.

விலையும் உண்டு. அகர வரிசைப்படுத்தச் சொன்னால் 'நெய்வேலி' ந வரிசையில் நிற்காமல் கொம்பு வரிசையில் போய் நிற்கும். போதாக்குறைக்கு திஸ்கி மட்டும்தான் என்றும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை ஏற்றது. இவை தவிர ஒவ்வொரு எழுத்துரு வியாபாரியும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தார். எழுத்துரு தொலைந்தால் எழுத்தே தொலைந்தது.

இரண்டாவது வழி யுனிகோடு. 1991-ல் அதன் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளுக்கு நம் அரசின் இஸ்கி என்ற குறியாக்கத்தின் அமைப்பையே எடுத்துக்கொண்டார்கள். எல்லா இந்திய மொழிக்கும் ஒரே சட்டகம். அதனால்தான் யுனிகோடு அட்டவணையில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று காலி இடம் கிடக்கிறது. இந்தியில் அங்கே மூன்று எழுத்து உண்டு, நமக்கு இல்லை. யுனிகோடு சேமிப்பது சொல்லும் வரிசையில்: ந, ஒற்றைக்கொம்பு, ய, புள்ளி, வ, இரட்டைக்கொம்பு, ல, விசிறி. எட்டு. கொம்பை முன்னால் தள்ளுவது, புள்ளியை ய-வின் தலையில் வைப்பது, ல-வையும் விசிறியையும் ஒட்டுவது எல்லாம் வரைகிறவர் பாடு.

வரைகிற எக்ஸுக்கோ 'ஒரு எண்ணுக்கு ஒரு படம்' தவிர ஒன்றும் தெரியாது!

விண்டோஸ் 2000-ல் மைக்ரோசாஃப்ட் இந்த வேலைக்கென்று யுனிஸ்க்ரைப் என்ற நூலகத்தையும், தமிழுக்கு லதா எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தது. அதே சமயம் லினக்ஸில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கே.டி.ஈ. மேசைத்தளம் க்யூட்டி என்ற நூலகத்தின் மேல் நிற்கிறது. 2000-ல் ஹான்ஸ் பீட்டர் பீக்கர் என்ற நார்வேக்காரர், யுனிகோடையும் திஸ்கியையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தரும் ஒரு பகுதியை எழுதி க்யூட்டியில் சேர்த்தார். நார்வேக்காரருக்கும் நம் கொம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. திறமூல உலகம் அப்படித்தான். இன்னொரு பக்கம் நோம் மேசைத்தளத்துக்காக ஓவன் டெய்லரும் ராஃப் லெவியனும் பாங்கோ என்ற நூலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். (கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், ஜப்பானியத்தில் 'கோ' என்றால் மொழி.) அதன் ஆரம்பப் பதிப்புகளில் தமிழுக்கென்று தனியாக ஒரு பகுதி இருந்தது, எழுதியவர் சிவராஜ் என்ற தமிழர். அது செய்தது இதுதான்: நிரலுக்குள் யுனிகோடு இருக்கட்டும், திரைக்குப் போகும் கடைசி நொடியில் அதைத் திஸ்கி எண்களாக மாற்றி எக்ஸிடம் கொடு. எக்ஸ் வழக்கம்போல எண்ணுக்கு ஒரு படம் ஒட்டும்.

உள்ளே யுனிகோடு, வெளியே திஸ்கி. இதை ஒட்டுவேலை என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண் வேறு, படம் வேறு, நடுவில் ஒருவர் நின்று மாற்றித் தர வேண்டும் என்ற உண்மை அந்தச் சின்ன நிரலில் தெளிவாக இருக்கிறது. பின்னால் வந்த பெரிய நூலகங்களும் இதையேதான் இன்னும் பொதுவாகச் செய்கின்றன.

அந்தப் பொதுவழி திறக்க எக்ஸே மாற வேண்டியிருந்தது. 2000-ம் ஆண்டு இறுதியில் கீத் பேக்கர்ட் எழுதிய ரெண்டர் நீட்சியும் எக்ஸ்எஃப்டி நூலகமும் எக்ஸ்ஃப்ரீ86-ல் சேர்ந்தன. எழுத்துருவைத் திறப்பது இனி எக்ஸின் வேலை இல்லை. நிரலே திறந்து, எந்தப் படத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்யலாம். திறப்பதற்கு டேவிட் டர்னர் 1996-ல் தொடங்கிய ஃப்ரீடைப் இருந்தது. அதோடு ஓப்பன்டைப் எழுத்துருக்கள் வந்தன. இவற்றில் படங்கள் மட்டும் இல்லை, விதிகளும் உண்டு: 'ல'வுக்குப் பின் விசிறி வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு 'லி' படத்தைப் போடு என்பது மாதிரி.

இந்த விதிகள் நமக்கு எவ்வளவு பெரிய வசதி என்று பலர் யோசிப்பதில்லை. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டதற்கு முன் 'லை'யின் கொம்பு யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியம்மா இன்றும் கையால் எழுதும்போது அப்படித்தான் எழுதுவார். யுனிகோடில் பழைய லை-க்கும் புது லை-க்கும் எண்கள் ஒன்றே. எழுத்துருவின் விதியை மாற்றினால் வடிவம் மாறும், கோப்பில் ஒரு எண்கூட மாறாது. 'எண்ணுக்கு ஒரு படம்' முறையில் இது நடக்காத காரியம்.

ஆனால் விதியைப் படித்து நடத்துவது யார்? ஃப்ரீடைப் முதல் பதிப்பில் அதற்கான நிரல் இருந்தது. இரண்டாம் பதிப்பில், அது எங்கள் வேலை இல்லை என்று எடுத்துவிட்டார்கள். பாங்கோ அதை எடுத்துப் பிரதி செய்துகொண்டது, க்யூட்டியும் தனியாகப் பிரதி செய்துகொண்டது. கொம்பை முன்னால் தள்ளும் இந்திய மொழி வேலைக்கு ஐ.பி.எம்.மின் ஐ.சி.யூ. நூலகத்து நிரல் பாங்கோவுக்குள் வந்தது. க்யூட்டி 2003-ல் வெளியான 3.2 பதிப்பில் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது. ஓப்பன் ஆபீஸ் ஐ.சி.யூ.வை நேராகவே பயன்படுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் லினக்ஸில் பாங்கோவை முறையாக எடுத்துக்கொண்டது 2008-ல் மூன்றாம் பதிப்பில்தான். விளைவு: ஒரே கணினியில், ஒரே எழுத்துருவில், ஒரே 'நெய்வேலி' ஒரு நிரலில் சரியாகவும் இன்னொன்றில் கொம்பு பின்னால் தொங்கிக்கொண்டும் தெரியும். கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வேறு. ஒரு பிழையை மூன்று இடத்தில் திருத்த வேண்டும். 2004-ல் ரெட்ஹாட் லோஹித் எழுத்துருக்களைத் திறந்துவிட்டதால் நல்ல எழுத்துரு இல்லை என்ற குறை தீர்ந்தது. வரைகிறவர்கள்தான் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போக வைத்தவர் பெஹ்தாத் எஸ்ஃபாபோத். பாங்கோவிலும் க்யூட்டியிலும் பிரிந்து வளர்ந்த அந்தப் பழைய ஃப்ரீடைப் நிரலை மறுபடி ஒன்று சேர்த்த திட்டத்துக்கு ஹார்ஃப்பஸ் என்று பெயர். ஓப்பன்டைப் என்பதைப் பாரசீகத்தில் சொல்லிப் பார்த்த பெயர் அது. பிறகு அவர் அதை அடியிலிருந்து புதிதாகவே எழுதினார். 2012-ல் புது ஹார்ஃப்பஸ் வெளிவரத் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, 2017-ல் வந்த லிப்ரே ஆபீஸ் 5.3 எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. வலமிருந்து இடமாக எழுதும் பாரசீகத்துக்காக மெனக்கெட்டவரின் உழைப்பில், இடமிருந்து வலமாக எழுதும் நம் கொம்பு ஒழுங்காக நிற்கிறது. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் இந்த வரியையும் அநேகமாக அதுதான் வரைந்துகொண்டிருக்கிறது.

இதற்கிடையில் தமிழ்நாட்டில் லினக்ஸ் அரசாங்க வாசலுக்கும் வந்தது. எல்காட் நிறுவனம் உமாசங்கர் காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2007-ல் சிடாக் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. என் அக்காவின் மடிக்கணினியில் நான் முதன்முதலில் லினக்ஸ் பார்த்தது அப்படித்தான். அதில் தமிழ் சரியாகத் தெரிந்ததை இயல்பான விஷயம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த நான்கு என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டு சமயத்தில் தமிழக அரசு யுனிகோடை ஏற்றதோடு, டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் மாற்று ஏற்பாடாக ஏற்றது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரு எண். நெ, ய், வே, லி. நான்கே எண், நான்கே படம். 1987-ம் வருடத்து எக்ஸே வரைந்துவிடும். எண்ணிக்கை குறைவு, வரிசைப்படுத்துவது எளிது, தமிழ் இலக்கணத்துக்கும் நெருக்கம். 1991-லேயே நமக்கு இப்படி இடம் கிடைத்திருந்தால் 2000-த்தை ஒட்டிய அத்தனை அவதியும் இல்லை என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் யுனிகோடு பக்கம்தான். தனி வழியில் போயிருந்தால் நம் பிழைகளை நாமே திருத்த வேண்டும். பொது வழியில் நார்வேக்காரரும் ஈரானில் பிறந்தவரும் சேர்ந்து திருத்தினார்கள். இந்திக்கும் வங்காளத்துக்கும் செய்த வேலையில் நமக்கும் பங்கு கிடைத்தது. அதற்கு நாம் கொடுத்த விலை நாலைந்து வருடம்.

(பம்பு எட்டாத இடம் இன்றும் ஒன்று உண்டு. லினக்ஸில் சாளரம் எதுவும் இல்லாத கறுப்புத் திரைக்குப் போய் 'நெய்வேலி' என்று எழுதிய கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். கட்டம் கட்டமாகத்தான் வரும். அங்கே ஹார்ஃப்பஸும் இல்லை, பாங்கோவும் இல்லை. அதிகபட்சம் 512 படங்கள், எண்ணுக்கு ஒன்று.)

பெரியப்பாவின் கோப்புக்கு வருகிறேன். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜி.லிப்.சி.யோடு ஐகன்வ் என்ற சிறு கட்டளை வருகிறது. ஒரு குறியாக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். அதன் பட்டியலை ஓடவிட்டுப் பார்த்தால் நடுவில் திஸ்கி! 2002-ல், அதாவது பெரியப்பா தட்டிக்கொண்டிருந்த அதே வருடம், புரூனோ ஹைபிள் என்ற ஜெர்மானியர் எழுதியது. மூல நிரலைப் படித்துப் பார்த்தேன். கொம்பு வந்ததும் உடனே வெளியே விடாமல் கையில் பிடித்துக்கொள்கிறது. பின்னால் வரும் எழுத்து என்ன என்று பார்த்து அதை முன்னே அனுப்பிவிட்டு, பிறகு கொம்பை விடுகிறது. ஹார்ஃப்பஸ் செய்வதற்கு நேர் எதிர் வேலை. ஒரே வரிக் கட்டளை. ஒரு நொடிகூட ஆகவில்லை. முதல் வரியில் 'நெய்வேலி' என்று வந்தது. இரண்டாவது வரியில், இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது மழையில் நனைந்த கதை.

லோஹித் எழுத்துருவில் பெரிய எழுத்தாக அச்செடுத்துக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த சைக்கிள் எங்க அப்பா வாங்கிக் குடுத்தது. அதை எழுதலை பார்" என்றார்.

ஒன்பதில் ஐந்து கோப்புகள் திறந்தாகிவிட்டன. மீதி நான்கும் திஸ்கி இல்லை, டாப் இல்லை, டாமும் இல்லை. ஏதோ ஒரு எழுத்துரு விற்பவரின் சொந்த வரிசை. ஐகன்வ் பட்டியலில் அதற்குப் பெயர் கிடையாது. எந்தக் குறி அதிகம் வருகிறது, எது எதற்கு முன்னால் வருகிறது என்று ஒரு நோட்டில் எண்ணிக்கொண்டு வருகிறேன். கொம்பு எது என்று கண்டுபிடித்துவிட்டேன். 'ந'வைத்தான் இன்னும் காணோம்.